அறிவித்தலும் அனுமதியும்

அறிவித்தல் வேறு, அனுமதி வேறு. முன்னையது தெரியப்படுத்துதல், பின்னையது இசைவு பெறுதல். சொல்லளவில் சிறிதாய்த் தோன்றும் இவ்வேறுபாடு, வீதியில் இறங்கும் மக்களின் உரிமையளவிற் பெரிது.

நமது நாட்டில் ஊர்வலம் பற்றிய விதி 1865ஆம் ஆண்டுப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவில் உளது. ஊர்வலம் தொடங்குதற்கு ஆறு மணித்தியாலத்திற்கேனும் முன்னர்ப் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பதே அவ்விதி. அனுமதி பெறுக என்று அது கூறிற்றில்லை. எனினும், பொது அமைதியின் பொருட்டு ஊர்வலத்தைத் தடுக்கவோ நிபந்தனை விதிக்கவோ உதவிப் பொலிஸ் அத்தியட்சருக்கும் அவர்க்கு மேற்பட்டோர்க்கும் அதிகாரம் உண்டு. ஆதலின் அறிவித்தலை எழுத்திற் கொடுத்து, பிரதியொன்றிற் கையொப்பம் பெற்று வைத்தல் அறிவுடைமை.

அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தருவது அமைதியாகக் கூடும் சுதந்திரம். அமைதி என்பது வாய் திறவாமை அன்று. 1992 ஜூலை 1ஆந் திகதி நிகழ்ந்த 'ஜன கோஷா' என்னும் ஒலியெழுப்பும் போராட்டத்திற் பொலிசார் தலையிட்டமை பேச்சுச் சுதந்திரத்தை மீறியதென உயர் நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது. மேளவோசையும் பேச்சாயிற்று. ஒலி குற்றமன்று; கல்லெறிதலே குற்றம்.

கல்லை எடாதிருத்தல் எளிதன்று. 1956 ஜூன் 5ஆந் திகதி காலிமுகத்திடலிற் சத்தியாக்கிரகம் இருந்தோர் தாக்கப்பட்டனர், திருப்பித் தாக்கிலர். 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலிற் பெப்ரவரி முதல் ஏப்பிரல் வரை அமர்ந்தோரும் அந்நெறியே நின்றனர். 2022 மே 9ஆந் திகதி அதே காலிமுகத்திடலிற் கூடாரமிட்டிருந்தோர் தாக்கப்பட்டனர். ஆயின் அன்றே நாட்டின் பல பாகங்களில் தீவைப்பும் வன்செயலும் மூண்டன, உயிர்களும் மாய்ந்தன. தாக்குண்டோர் பக்கத்து நியாயம் அப்புகையிற் சிறிது மங்கிற்று.

ஆதலின் கூட்டத்தைக் கூட்டுவோர் செய்யத்தக்கன சில உள. செல்லும் வழியை முன்னரே நடந்து பார்த்தல். தொண்டர்களுக்கு அடையாளப் பட்டி அணிவித்தல். நோயாளர் காவு வண்டிக்கு வழி விடுதல். குடிநீரும் முதலுதவியும் ஆயத்தமாய் வைத்தல். கோபமூட்டுவோர்க்கு விடை கூறாது விலகுதல். கலையும் நேரத்தைத் தொடக்கத்திலேயே உரைத்தல். இவற்றுள் ஒன்றும் அச்சத்தின் அடையாளம் அன்று.

அறிவித்தல் பெறுவோர்க்கும் ஒரு கடமை உண்டு. கூட்டம் வருவதை அறிதல் மறித்தற்கு மாத்திரம் அன்று, காத்தற்கும் ஆம். 1956இலும் 2022இலும் தவறியது அக்கடமையே. உரிமையைக் கேட்போர் ஒழுங்கையும், ஒழுங்கைக் கேட்போர் காவலையும் மறவாராயின், வீதியும் ஒரு நல்ல பாடசாலையாம்.