ரயிலேறும் முன் ஒரு கடிதம்

பேரணாம்பட்டுச் சொந்தங்களுக்கு, ஐதராபாத் பாலாநகரிலிருந்து எழுதுகிறேன்.

கோடை விடுமுறை முடிந்ததும் நம் தெருவிலிருந்து இன்னும் சில குடும்பங்கள் இங்கே குடிவரப் போவதாக மாமா போனில் சொன்னார். தாராளமாக வாருங்கள். பட்டறைகளில் வேலை இருக்கிறது, கூலியும் மோசமில்லை. ஆனால் படிக்கிற பிள்ளைகளோடு வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு ரயிலேறுங்கள். ஊரில் வாங்கிய எஸ்.சி. கம்யூனிட்டி சர்டிபிகேட் தெலங்கானா அரசின் கல்லூரி இடத்துக்கும் வேலைக்கும் செல்லாது.

என் மகள் இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவள். பொறியியல் கலந்தாய்வில் அவளை உள்ளூர் மாணவி என்று ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் பொதுப்பிரிவில்! இந்த ஊரில் உள்ளூர்க்காரர் ஆவதே லேசுப்பட்டதல்ல. நிஜாம் காலத்து முல்கி (உள்ளூர்க்காரர்) விதி 15 ஆண்டுக் குடியிருப்பைக் கேட்டது. அந்த விதியை ஒட்டிய சண்டை 1952லும் 1969லும் துப்பாக்கிச் சூடுவரை போய், கடைசியில் அரசியல் சட்டத்தில் 371டி பிரிவாக வந்து நின்றது. அந்தப் பிரிவின்கீழ் வந்த 2018 ஆணைப்படி மாநில அரசின் நேரடி நியமனங்களில் 95 விழுக்காடு உள்ளூர்க்காரருக்குத்தான். இவ்வளவு இறுக்கமான வாசலையும் பள்ளிப் படிப்பைக் காட்டி நம் பிள்ளைகள் தாண்டிவிடுகிறார்கள். எஸ்.சி. வாசல் மட்டும் திறப்பதில்லை.

காரணம் அரசியல் சட்டத்தின் 341வது பிரிவு. எஸ்.சி. பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. ஆந்திரத்துப் பழங்குடிச் சான்றிதழோடு மும்பையில் மருத்துவ இடம் கேட்ட மர்ரி சந்திரசேகர ராவின் வழக்கில் 1990லேயே உச்ச நீதிமன்றம் முடியாது என்றது. 2018இல் பீர் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகளும் அதையே உறுதி செய்தார்கள். தெலங்கானாவின் பட்டியலிலும் ஆதி திராவிடர் உண்டு, அருந்ததியர் உண்டு. இருந்தும் பயனில்லை. 1950இல் குடியரசுத் தலைவர் ஆணை வந்தபோது குடும்பம் எங்கே நிலையாகக் குடியிருந்தது என்பதுதான் கணக்கு.

இதற்கு இரண்டு நியாயம் சொல்கிறார்கள். வெளியார் வந்தால் உள்ளூர்த் தலித்துகளின் பங்கு குறையும் என்பது ஒன்று. அது உண்மைதான். இங்குள்ள தலித் சாதியான மாதிகர்கள் முப்பது ஆண்டு போராடிய பிறகு, 2025 ஏப்ரல் 14 முதல்தான் இங்கே எஸ்.சி. ஒதுக்கீடான 15 விழுக்காடு 1, 9, 5 என்று உள்ஒதுக்கீடாகப் பிரிந்திருக்கிறது. அந்தப் பந்தியில் நாமும் போய் உட்கார்ந்தால் யாருக்கும் கசக்கும். ஒரு சாதி ஒரு மாநிலத்தில் படும் பாட்டை இன்னொரு மாநிலத்தில் படுவதில்லை என்பது மற்றொன்று. இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இங்கேயும் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், ஊர்ப் பெயரைக் கேட்ட கையோடு சாதியைக் கேட்கிறார்கள்.

ஒதுக்கீடு கூட வராவிட்டாலும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காப்பு சொந்த மாநிலத்தோடு நின்றுவிடாது என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2023இல் சொல்லியிருக்கிறது. இங்கே யாருக்காவது ஏதாவது நடந்தால் வக்கீலிடம் அந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள்.  

மாநில அரசின் இடங்களுக்குச் செல்லாவிட்டாலும் சான்றிதழ் வீணில்லை. கிளம்புவதற்கு முன் இ-சேவை மையத்தில் அப்பா, பிள்ளைகள் எல்லோருடைய சான்றிதழையும் எடுத்து வையுங்கள். இங்கே பிறக்கும் பிள்ளைக்கும் அப்பாவின் சான்றிதழே ஆதாரம். கச்சிபௌலியில் இருக்கும் மத்தியப் பல்கலைக்கழகம், கந்தியில் இருக்கும் ஐஐடி, ரயில்வே, பொதுத்துறை வங்கி எல்லாம் மத்திய அரசுடையவை; இவற்றில் எஸ்.சி. சான்றிதழ் செல்லும். பிள்ளைகளை அந்தத் திசையில் தயார் செய்யுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் வேலை செய்யும் ஒடிசா, பீகார் தலித் தொழிலாளியின் பிள்ளையும் நம் மாநிலக் கல்லூரியில் பொதுப்பிரிவில்தான் நிற்கிறது. நமக்கு மட்டும் கேட்டால் எடுபடாது. உள்ளூரார் பங்கைத் தொடாமல், வந்து குடியேறிய எஸ்.சி. பிள்ளைகளுக்கு ஒவ்வொரு மாநிலமும் கூடுதல் இடம் ஒதுக்க வேண்டும். அதற்கு நாடாளுமன்றம் வழி செய்ய வேண்டும். அடுத்த முறை எம்.பி. தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், எந்தக் கட்சியானாலும், இதை எழுதிக் கொடுத்துப் பதில் கேளுங்கள்.