துட்டும் வெற்றியும்

வடசேரிச் சந்தையில் நண்பர் ஒருவர் என்னை மடக்கிக்கொண்டார். "1741-இல் குளச்சலில் டச்சுக்காரனை முறியடித்த மண் ஐயா இது! அவன் வாடையே நமக்கு ஆகாது. பேச்சிலுள்ள அந்நியச் சொற்களை எல்லாம் களைந்தெறிய வேண்டும்" என்று முழங்கினார். முழங்கிய வாயாலேயே ஏத்தன்பழக்காரியிடம், "துட்டைக் கொஞ்சம் கொறச்சுச் சொல்லும்மா" என்றார்.

அந்தத் துட்டு யார் வீட்டுச் சொத்து? டச்சுக்காரர் புழங்கிய செப்புக் காசின் பெயரல்லவா! 'கக்கூஸ்' என்பதும் அவர்கள் பாஷைதான். பீரங்கி தோற்ற நாட்டில் செல்லாக்காசு ஜெயித்துவிட்டது.

மார்த்தாண்ட வர்மாவுக்கு நண்பரின் கூச்சம் இருக்கவில்லை. டச்சுப் படையிலிருந்து பிடிபட்ட டி லனாயிடமே தம் படையைப் பழக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். அவர் மேற்பார்வையில் உதயகிரிக் கோட்டை வலுப்பெற்றது. 1777-இல் இறந்த டி லனாயை அங்கேயே அடக்கம் செய்தார்கள். கல்லறையில் லத்தீனும் தமிழும் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்றினால் மற்றொன்று கெட்டுப்போகவில்லை.

வென்றவன் வாங்கிக்கொள்ள அஞ்சமாட்டான். வாங்கியதை மறைப்பவனுக்குத்தான் தன் வெற்றியிலேயே சந்தேகம். நண்பர் முதலில் மடியிலுள்ள துட்டை வீசி எறியட்டும். சொல்லை எறிவதைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.