பெயரிட்டால் மட்டும் போதுமா? மழைக்காட்டுக் குளவிகள் பற்றிய ஒரு விவாதம்

உயிரினப் பாகுபாட்டியலிலே இன்று ஒரு புதிய வேதம் ஓதப்படுகின்றது. புதிய இனமொன்றைச் சொற்களால் விவரிப்பது வீண்வேலை, அதன் டி.என்.ஏ.யின் ஒரு சிறு துண்டை வாசித்து, ஒரு புகைப்படத்தையும் இணைத்துப் பெயரைச் சூட்டிவிட்டாற் போதும் என்பதே அவ்வேதத்தின் சாரம். முன்னேற்றம் என்னும் கோலம் பூண்டு வருவதனால் இதனைப் பலர் வினாவின்றியே ஏற்றுக்கொள்கின்றனர். விஞ்ஞான அறிவு எல்லோர்க்கும் பொது என்னும் அடிப்படையையே இது குலைக்கின்றது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

எடுத்துக்கொண்ட பொருளை முதலில் வரையறுத்துக்கொள்வோம். ஒட்டுண்ணிக் குளவிகள் என ஈண்டுக் குறிக்கப்படுபவை வேறொரு பூச்சியின் உடலினுள்ளோ உடல்மீதோ முட்டையிடுபவை. முட்டையிலிருந்து வெளிப்படும் குடம்பி தன் விருந்துவழங்கியை உண்டு வளர்ந்து, இறுதியில் அதனைக் கொன்றுவிடும். சாதாரண ஒட்டுண்ணியினின்றும் இவற்றை வேறுபடுத்துவது இவ்வியல்பே. இவற்றுட் பல எள்ளளவு பருமனே கொண்டவை. மழைக்காடுகளிலே பெயரின்றி வாழும் இவற்றின் இனங்கள் எண்ணிலடங்கா.

கொஸ்தா ரிக்காவின் வடமேற்கிலே குவானகஸ்தே காப்புப் பிரதேசம் அமைந்துள்ளது. வறண்ட காடு, மழைக்காடு, முகிற்காடு ஆகிய மூன்றும் அங்கே அடுத்தடுத்து உள்ளன. 1978ஆம் ஆண்டிலே டானியல் ஜான்சன் தொடக்கிய புழு வளர்ப்பு ஆய்வை அவரும் வினி ஹால்வக்சும் உள்ளூரிலே பயிற்றப்பட்ட பணியாளரும் பல தசாப்தங்களாக நடத்தி வந்துள்ளனர். காட்டிற் பொறுக்கிய புழுக்களை வளர்த்து, அவற்றிலிருந்து வெளிப்படும் குளவிகளைச் சேகரிப்பது அவர்தம் முறை. 2008இல் வெளிவந்த ஆய்வொன்று, உருவத்தைக் கொண்டு 171 எனத் தற்காலிகமாகக் கணிக்கப்பட்ட குளவி இனங்கள் டி.என்.ஏ. ஆய்வின் பின் 313 ஆயின என்று காட்டியது. அப்பான்டெலிஸ் லியூகொஸ்டிக்மஸ் என ஒரே பெயரால் அழைக்கப்பட்டு வந்த குளவி ஏறத்தாழ 36 இனங்களின் தொகுதியாகக் காணப்பட்டது. இது மறுக்கவொண்ணாத சாதனை. கண்ணுக்குப் புலப்படாத வேற்றுமையைக் காட்டும் கருவியை நாம் எதிர்க்கவில்லை.

ஆனால், 2021இல் நிகழ்ந்தது வேறு. மைக்கேல் ஷார்க்கியும் அவர்தம் குழுவினரும் அதே பிரதேசத்தைச் சேர்ந்த பிராக்கொனிடேக் குடும்பத்துக் குளவிகளில் 403 புதிய இனங்களை ஒரே கட்டுரையிலே பெயரிட்டனர். அவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு அளிக்கப்பட்ட அடையாளம், இழைமணியின் பரம்பரை அலகொன்றிலிருந்து பெற்ற எழுத்துத் தொடரும் பக்கத்தோற்றப் படமுமே. தெரிந்தவிடத்து விருந்துவழங்கியின் பெயரும் சேர்க்கப்பட்டது. உணர்கொம்பின் கணுக்கள் எத்தனை, சிறகின் நரம்புகள் எவ்வாறு ஓடுகின்றன, முட்டையிடும் ஊசி எவ்வளவு நீளம் என்பன பற்றி அவற்றிலே ஒரு சொல்லும் இல்லை. காடுகள் அழிகின்றன, பாகுபாட்டியலாளர் சிலரே உள்ளனர், பழைய வேகத்திற் சென்றால் பெயரிடுமுன்னரே இனங்கள் மறைந்துவிடும் என்பது அவர்கள் தரப்பு நியாயம். அவசரம் உண்மையே. அவசரத்தின் பெயரால் எதைக் கைவிடுகிறோம் என்பதே வினா.

முதலாவதாக, இது துறையின் சட்டத்துக்கே முரணான போக்கு. 1930இன் பின் வெளியிடப்படும் புதிய பெயர், அவ்வுயிரினத்தை வேறுபடுத்துவனவாகக் கருதப்படும் இயல்புகளைச் சொற்களாற் கூறும் விவரணத்துடனோ வரைவிலக்கணத்துடனோ வரவேண்டும் என்பது விலங்கியற் பெயரீட்டுக்கான சர்வதேசச் சட்டக்கோவையின் விதி. அறுநூற்றுக்கு மேற்பட்ட எழுத்துகளை வரிசையாக அச்சிட்டு, அவற்றுள் எவை அயல் இனத்திலிருந்து வேறுபடுகின்றன என்று கூறாது விடுவது விவரணமாகாது. ஒருவரின் கைரேகையைத் தந்துவிட்டு அவரை வருணித்துவிட்டேன் என்பது போன்றது அது.

இரண்டாவதாக, அத்துண்டு எப்போதும் நம்பத்தக்கதன்று. இழைமணி தாய்வழியே மட்டும் கடத்தப்படுவது. பூச்சிகளினுள் வாழும் வொல்பாக்கியா என்னும் பற்றீரியா அவ்வழியைக் குழப்பி, இரு இனங்களை ஒன்றுபோலவும் ஓரினத்தைப் பலபோலவும் தோற்றச்செய்யக்கூடும். மேற்படி 403 இனங்களின் தரவுகளை 2022இல் மறு ஆய்வு செய்தோர், தொகுக்கும் முறை மாறும்போது இனங்களின் எல்லைகளும் பல இடங்களில் மாறுவதைக் காட்டினர். கணிப்பு முறையோடு மாறும் எல்லைக்கு நிலையான பெயரைச் சூட்டுவது எங்ஙனம் பொருந்தும்?

மூன்றாவதாக, பழைய அறிவுடன் உள்ள தொடர்பு அறுகின்றது. முன்னர் பெயரிடப்பட்ட இனங்கள் பலவற்றின் மூல மாதிரிகள் நூதனசாலைகளிலே ஊசியிற் குத்தப்பட்டுக் காய்ந்து கிடக்கின்றன. அவற்றிலிருந்து டி.என்.ஏ. பெறுவது பெரும்பாலும் கடினம். உருவத்தை ஒப்பிடாதவர், தாம் புதிதெனப் பெயரிட்ட குளவி ஒரு நூற்றாண்டின் முன்னரே பெயர் பெற்றதன்று என எவ்வாறு துணிவார்?

நான்காவது காரணமே தலையாயது. புழுவைக் காட்டிலே தேடி, இலையிட்டு வளர்த்துக் குளவியைப் பெற்றவர் கொஸ்தா ரிக்காவின் கிராமத்தவர். எழுத்துத் தொடரை வாசித்த இயந்திரமோ கனடாவின் குவெல்ப் நகரில் உள்ளது. வெளியான கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, நாளை வெளிப்படும் குளவி எவ்வினம் என அக்கிராமத்தவர் கூற இயலுமா? இயலாது. உயிர்ப்பல்வகைமை வெப்பவலய நாடுகளில், அதனை வாசிக்கும் அதிகாரம் வேறிடத்தில் என்னும் பழைய ஏற்பாடு இவ்வாறு புதிய வடிவிலே நிலைபெறுகின்றது.

விவரித்துக்கொண்டே விரைந்து செல்ல முடியாது என்பாருக்கு அதே காடே விடை தருகின்றது. 2014இல் பெர்னாண்டஸ்-திரியானாவும் சகாக்களும் குவானகஸ்தேயிலிருந்து அப்பான்டெலிஸ் சாதியின் 186 புதிய இனங்களை வெளியிட்டனர். உருவ விவரணம், படங்கள், டி.என்.ஏ., விருந்துவழங்கி, இனங்காணும் திறவுகோல் யாவும் அதில் உண்டு. விவரணங்களை ஆக்குவதற்குக் கணினியும் துணைநின்றது. உள்ளூர்ப் பணியாளர் பலரின் பெயர்களும் அவ்வினங்களுக்குச் சூட்டப்பட்டன. விரைவும் விவரணமும் பகையல்ல.

விவரணம் வெறும் சடங்குமன்று. பெருவிலே அந்தீஸ் மலைகளுக்கும் அமேசன் தாழ்நிலக் காட்டுக்கும் இடைப்பட்ட பகுதியிலிருந்து 2018இல் விவரிக்கப்பட்ட கிளிஸ்டொபைகா கிராசிகோடாட்டா என்னும் குளவி, வழக்கத்துக்கு மாறாக நீண்டு பருத்த ஊசியுடையது. அச்சாதியின் குளவிகள் சிலந்திகளைத் தாக்குபவை. அவ்வூசியின் வடிவத்தைக் கண்டதனாலேதான் அது எவ்வாறு பயன்படுகின்றது என்னும் வினாவே எழுந்தது. எழுத்துத் தொடர் அவ்வினாவை எழுப்பியிராது.

இஃது நமக்கும் அயலான விடயமன்று. தேயிலை இலைகளைப் பிணைத்துத் தின்னும் டோர்ட்ரிக்ஸ் புழுவை அடக்குதற்காக 1930களின் நடுப்பகுதியில் ஜாவாவிலிருந்து இலங்கைக்குக் கொணரப்பட்ட மக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே, மேற்கூறிய பிராக்கொனிடேக் குடும்பத்ததே. பின்னாளில் தேயிலைத் தண்டுதுளைக்கும் வண்டுக்கு எதிராக டீல்ட்ரின் நஞ்சு தெளிக்கப்பட்டபோது அக்குளவியின் காவல் குலைந்தது. டோர்ட்ரிக்ஸ் மீண்டும் பெருகிற்று. குளவி தோட்டத்தில் எஞ்சியுள்ளதா என அறிய வேண்டியவர் கைவில்லையுடன் தேயிலைச் செடியருகே நிற்பவர். அவருக்கு உதவுவது சொற்களால் எழுதப்பட்ட விவரணமே.

ஆகவே, டி.என்.ஏ. வேண்டாம் என்பதன்று நம் கோரிக்கை. டி.என்.ஏ.யைக் கொண்டு இனங்களைக் கண்டறிக. கண்டறிந்தவற்றை வில்லையேந்திய எவரும் இனங்காணுமாறு சொல்லிலும் படத்திலும் விவரிக்க. அதன் பின்னரே பெயரிடுக. விவரிக்க அவகாசமில்லையேல் தற்காலிக இலக்கமொன்று போதும். அதனால் எவ்வாய்வும் தடைப்படாது. நம் விலங்கியல், விவசாயத் துறைகளும் உருவவியற் பயிற்சியைப் பாடத்திட்டத்தின் மூலைக்குத் தள்ளாது பேணவேண்டும். பிறர் சூட்டிய பெயர்களை மனனஞ்செய்வோராக மட்டும் நம் மாணவர் அமைதலாகாது. தம் காட்டுக் குளவியைத் தம் கண்ணாற் கண்டு, இன்னது என நிறுவவல்லோராக அவர்கள் பயிற்றப்படல் வேண்டும்.