ப்ராசஸர் மூடியைத் திறந்தா சூடு குறையுமா? பிளேடை எடுக்கும் முன் யோசிக்க வேண்டியவை

மே மாத மதியம். புதுச்சேரி உப்பளம் பக்கம் ஏசி இல்லாத ஒரு அறையில் 34, 35 டிகிரி செல்சியஸ் என்பது சாதாரண விஷயம். அந்த அறையில் கேம் ஆடினாலோ, வீடியோ எடிட் செய்தாலோ கம்ப்யூட்டரின் ப்ராசஸர் 90 டிகிரியைத் தொடுவதும் சாதாரணம்தான். இதற்குத் தீர்வு தேடிப் போகிறவர்களை ஈர்க்கும் ஒரு வித்தை இருக்கிறது: ப்ராசஸரின் உலோக மூடியைக் கையாலேயே பெயர்த்து எடுப்பது. பெயர், 'டீலிட்டிங்'.

பார்க்க சுவாரஸ்யமாக இருக்கும். ஆனா, நம்ம ஊர் சூட்டுக்கு அது மருந்தா?

மூடிக்குள்ள என்ன இருக்கு?

டெஸ்க்டாப் ப்ராசஸரில் நம் கண்ணுக்குத் தெரிவது நிக்கல் பூசிய செம்பு மூடி. உண்மையான சிலிக்கான் சில்லு அதற்குக் கீழே இருக்கிறது. சில்லின் சூடு முதலில் மூடிக்கு வர வேண்டும், அங்கிருந்து கூலருக்குப் போக வேண்டும். சில்லுக்கும் மூடிக்கும் நடுவே இருக்கும் பொருள் சூட்டைச் சரியாகக் கடத்தவில்லை என்றால், மேலே எவ்வளவு பெரிய ஃபேன் வைத்தாலும் பலன் குறைவு.

பிரச்சினை தொடங்கியதும் அங்கேதான். 2011-ல் வந்த இன்டெல் 'சாண்டி பிரிட்ஜ்' ப்ராசஸர்களில் சில்லும் மூடியும் சால்டர் செய்யப்பட்டிருந்தன. 2012-ல் வந்த 'ஐவி பிரிட்ஜ்' வரிசையில் இன்டெல் சால்டரை விட்டுவிட்டு சாதாரண தெர்மல் பேஸ்டுக்கு மாறியது. மூடியை ஒட்டிய பசையின் தடிமனால் உள்ளே இடைவெளியும் கூடியது. அதிவேகத்தில் ஓட்டியவர்கள் மூடியை பிளேடால் அறுத்து எடுத்து, உள்ளே நல்ல பேஸ்ட் அல்லது திரவ உலோகம் வைத்துப் பார்த்தார்கள். 10 முதல் 20 டிகிரி வரை குறைந்தது. இதற்கென்றே தனிக் கருவிகள் விற்பனைக்கு வந்தன. 'டெர்பவர்' என்ற பெயரில் அறியப்படும் ஜெர்மனியின் ரோமன் ஹார்டுங் இதில் உலகப் பிரபலம்.

ஆக, டீலிட்டிங் வெட்டி வேலை இல்லை. கம்பெனி செலவைச் சுருக்கிய இடத்தில் வாங்கியவர்களே செய்துகொண்ட ரிப்பேர் அது.

இப்பவும் அது தேவையா?

2018 அக்டோபரில் கோர் ஐ9-9900கே வந்தபோது இன்டெல் மறுபடியும் சால்டருக்குத் திரும்பியது. ஏஎம்டி 2017-ல் தொடங்கிய ரைசன் டெஸ்க்டாப் வரிசையில், கிராஃபிக்ஸ் சேர்ந்த சில மாடல்கள் தவிர, பெரும்பாலும் சால்டர்தான். சால்டர் செய்த மூடியை பிளேடால் நெம்பினால் சில்லே உடைந்துவிடலாம். அதில் இருக்கும் இண்டியம் உருகவே சுமார் 157 டிகிரி சூடு வேண்டும். இவ்வளவு மெனக்கெட்ட பிறகும் 9900கே-யில் கிடைத்தது 10 டிகிரிக்குள்தான்.

2022-ல் வந்த ரைசன் 7000 வரிசை ஒரு விதிவிலக்கு. அதன் மூடி தடிமன் அதிகம். மூடியே இல்லாமல் நேரடியாகக் குளிர்வித்தபோது சுமார் 20 டிகிரி வரை குறைந்ததை ஹார்டுங் காட்டினார். ஆனா அந்த வரிசை முழு வேகத்தில் 95 டிகிரி வரை போவதே வடிவமைப்பு என்கிறது ஏஎம்டி. பயாஸில் ஈகோ மோடை ஆன் செய்தால் மின்சாரமும் சூடும் சேர்ந்தே குறையும். அதற்கு பிளேடு தேவையில்லை.

லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதை மறந்தே விடலாம். லேப்டாப் ப்ராசஸர்களுக்கு மூடியே கிடையாது.

நம்ம ஊர் கணக்கு வேற

சாதாரண கூலர் எதுவாக இருந்தாலும் அது ப்ராசஸரை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. 22 டிகிரி குளிர் அறையில் சோதித்து 82 டிகிரி காட்டும் ப்ராசஸர், அதே கூலரோடு 34 டிகிரி அறையில் ஏறக்குறைய 94 காட்டும். அந்த 12 டிகிரி மூடிக்குள்ள இல்ல, அறைக்குள்ள இருக்கு.

கடலோரத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புக் காற்றில் ஏசியின் அவுட்டோர் யூனிட் அரித்துப்போவதைப் பார்க்காத வீடு இங்கே குறைவு. கேபினட்டுக்குள் போவதும் அதே காற்றுதான். ஈரத்தோடு சேர்ந்த தூசி கூலரின் தகடுகளில் அப்பிக்கொள்கிறது. டீலிட் செய்பவர்கள் வைக்கும் திரவ உலோகம் காலியம் கலவை. அது மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தைத் தின்னும். ஒரு சொட்டு தவறி மதர்போர்டில் விழுந்தால் ஷார்ட் ஆகும். 2020-ல் வந்த பிளேஸ்டேஷன் 5-ல் சோனியும் திரவ உலோகம்தான் வைத்தது. ஆனா அது ஃபேக்டரியில், கசியாதபடி அடைத்து வைக்கப்பட்டது.

வாரண்டி போனா?

மூடியைப் பெயர்த்தால் வாரண்டி போச்சு. உப்புத்தாளால் மூடியைத் தேய்த்துச் சமமாக்கும் 'லேப்பிங்' செய்தாலும் அதே கதி. மேலே அச்சிட்ட மாடல் விவரமே அழிந்துவிடும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் பல, தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு, காலப்போக்கில் பழுதாகின. 2024 ஆகஸ்டில் இன்டெல் அவற்றின் 3 வருட வாரண்டியை 5 வருடமாக நீட்டித்தது. தவறு கம்பெனியுடையது என்பதால் புது ப்ராசஸர் கேட்க வழி இருந்தது. மூடியைக் கழற்றி வைத்தவர்கள் அந்த வழியைத் தாங்களே அடைத்துக்கொண்டவர்கள். பல மாதம் சேர்த்து வைத்த பணத்தில் வாங்கும் பொருளுக்கு இது சின்ன இழப்பு இல்லை.

அப்போ என்னதான் செய்யலாம்?

முதலில் தூசியைச் சுத்தம் செய்யுங்கள். பல வருடமான தெர்மல் பேஸ்டை மாற்றுங்கள். சில நூறு ரூபாயில் முடியும். கேபினட்டைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். பயாஸில் பவர் லிமிட்டைப் பாருங்கள். கோர் ஐ9-13900கே-யின் அடிப்படை அளவு 125 வாட், உச்சம் 253 வாட். அந்த உச்சத்தைக் குறைத்தால் வேகம் கொஞ்சம்தான் போகும், சூடு நிறையக் குறையும். அதையும் மீறி 100 டிகிரியை எட்டினால் ப்ராசஸரே வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும்.

பழைய ஐவி பிரிட்ஜ் ஒன்று வாரண்டி முடிந்து மூலையில் கிடந்தால், கத்துக்கிறதுக்காகத் திறந்து பார்க்கலாம். அதில் தப்பில்லை. தினமும் வேலைக்கு நம்பியிருக்கும் கம்ப்யூட்டரில் வேண்டாம்.

கம்பெனிகளுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. இந்தியாவில் விற்கும் ப்ராசஸரும் கூலரும் 35 டிகிரி அறையில் எப்படி ஓடும் என்பதைப் பெட்டியிலேயே அச்சிட வேண்டும். 2012-ல் பேஸ்ட் வைத்து மிச்சம் பிடித்ததற்கு விலை கொடுத்தது வாங்கியவர்கள்தான். குளிர்ந்த சோதனை அறையின் கணக்கை மட்டும் காட்டி விற்பதும் அதே மாதிரியான மிச்சம்தான்.