தம்பி தலைப்போடு நிற்கட்டும்

இன்று கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

பேத்தி ஒன்றாம் வகுப்பு. அவளுக்கு வாங்கியிருக்கும் பயிற்சி ஏட்டில் அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை கொழுக்கட்டை மாதிரி குண்டு எழுத்து. தலைப்பு மட்டுமல்ல; பாடம், கேள்வி எல்லாமே. "குழந்தைகளுக்குப் பிடிக்கும்ல டீச்சர்" என்கிறார் கடைக்காரர். பிடிக்கும். ஜவ்வு மிட்டாயும்தான் பிடிக்கும். அதைச் சோறாகப் போடுவோமா?

இந்த வகை எழுத்தில் பலருக்கும் தெரிந்தது 'பாலூ தம்பி'. மும்பை ஏக் டைப் குழுவினர் செய்தது. தெலுங்குக்குத் தம்முடு, மலையாளத்துக்குச் சேட்டன், பஞ்சாபிக்குப் பாஜி என்று மொழிக்கொரு உறவுமுறை வைத்திருக்கிறார்கள். பாலூ என்றால் இந்தியில் கரடி. உடம்புக்கேற்ற பெயர்தான்! தம்பி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கடைப் பலகை, ஆண்டுவிழா மேடை, சுவரொட்டி என்று தூரத்திலிருந்து ஆளைக் கூப்பிட வேண்டிய இடத்தில் அவன் ராஜா. அவனைப் பத்தி பத்தியாக அடுக்குகிறவர்கள் மேல்தான் என் கோபம்.

கோடு தடித்தால் எழுத்துக்குள் இருக்கும் வெள்ளை இடம் சுருங்கும். பலகையில் அது தெரியாது. 12 பாயிண்டில் மட்டமான தாளில் அச்சடித்தால் மை பரவி அடைத்துக்கொள்ளும். நம் எழுத்தில் குறிலையும் நெடிலையும் பல இடங்களில் பிரிப்பது ஒரு சின்னச் சுழிதானே? ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, மேல்விலங்கு, மேல்விலங்குச் சுழி. சுழி அடைத்துப் போனால் 'கொடு' எது, 'கோடு' எது? 'நிதி' எது, 'நீதி' எது? மூன்று சுழி 'ண'வை எண்ணிப் பார்க்கவாவது முடியுமா? நாம் இடம் பார்த்து ஊகித்துவிடுவோம். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை எதை வைத்து ஊகிக்கும்? தப்பாகப் படித்தால் 'கவனம் இல்லை' என்று அதன் தலையில்தான் குட்டு விழும்.

ஓலைச்சுவடியில் 'கெ'யும் 'கே'யும் ஒன்றுபோல எழுதிக் குழம்பிக்கிடந்ததையும், வீரமாமுனிவர் கொம்பைச் சுழித்து நெடிலைப் பிரித்துக் காட்டியதையும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். 18ஆம் நூற்றாண்டில் பிரித்துத் தந்ததை இன்று மையை ஊற்றி மறுபடி ஒட்டவைக்கிறோம்.

இன்னொன்று. சொந்தத்தில் ஒரு காரியப் பத்திரிகை வந்தது. (யார் வீடு என்று சொல்லமாட்டேன், சண்டைக்கு வருவார்கள்.) 'கண்ணீர் அஞ்சலி' இதே குண்டு எழுத்தில், பிறந்தநாள் பலூன் மாதிரி சிரிக்கிறது. எழுத்துக்கும் முகம் உண்டப்பா!

அச்சகமும் டிடிபி கடையும் வைத்திருக்கும் என் மாணவர்களே, தம்பியைத் தலைப்போடு நிறுத்துங்கள். அந்தச் சாயல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், 'பாலூ தம்பி 2' என்று தடிமன் குறைந்த வகையும் இருக்கிறது, அதுவும் இலவசம்தான். பெற்றோர்களே, ஏடு வாங்கும் முன் ஒரு பக்கத்தைப் புரட்டி 'கே'யின் சுழிக்குள் வெள்ளை தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் திருப்பிக் கொடுங்கள். டீச்சர் சொன்னார் என்றே சொல்லிக் கொடுங்கள்.