எண்ணெய் மின்சாரம்: காவலுக்கு உகந்தது, அன்றாடத்துக்கு ஆகாது

மின்வெட்டு மிகும் காலங்களில் நம் சங்கக் கூட்டங்களில் ஒரு கோரிக்கை எழுவது வழக்கம். தறிக்கூடத்துக்கு ஒரு டீசல் ஜெனரேட்டர் வாங்க வேண்டும், பொதுக் கிணற்றுக்கும் ஒன்று வேண்டும் என்பதே அது. தறி நின்றால் கூலி நிற்கும்; நீர் நின்றால் பயிர் வாடும். ஆகவே கோரிக்கை நியாயமானதே. ஆயினும், எண்ணெய் எவ்வாறு மின்சாரமாகிறது, அதற்கு நாம் கொடுக்கும் விலை யாது என்பவற்றை ஆராயாமல் சங்கப் பணத்தை இதில் முடக்குவது முறையன்று என்பது என் கருத்து.

எண்ணெய் மின் நிலையங்கள் மூவகைப்படும். முதல் வகையில், உலை எண்ணெயை எரித்துக் கொதிகலனில் நீராவி உண்டாக்கி, அதன் வேகத்தால் டர்பைனைச் சுழற்றுவர். இரண்டாவது வகையில், அழுத்தப்பட்ட காற்றில் நாப்தாவையோ டீசலையோ எரித்து, அந்த வெப்ப வாயுவைக் கொண்டே டர்பைனைச் சுழற்றுவர். மூன்றாவது வகை, லாரி எஞ்சினுக்கு மூத்த அண்ணன் எனத்தக்க பெரிய டீசல் எஞ்சின். அதன் உருளையினுள் இறுக்கிச் சூடேறிய காற்றில் எண்ணெயைப் பீய்ச்ச, அது தானே தீப்பற்றிப் பிஸ்டனைத் தள்ளுகிறது. எவ்வகையாயினும், இறுதியில் ஜெனரேட்டரின் காந்தம் சுழல, கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு லிட்டர் டீசலில் அடங்கிய வெப்பம் சுமார் 10 யூனிட்டுக்குச் சமம். பெரிய நிலையத்து எஞ்சின் அதில் 4 யூனிட் அளவு மின்சாரமாக்கும். சங்கம் வாங்கக்கூடிய சிறு ஜெனரேட்டரோ 3 யூனிட் அளவே தரும். குறைந்த சுமையில் ஓட்டினால் அதுவும் குறையும். எஞ்சியது புகையோடும் குளிர்நீரோடும் வெப்பமாய்ப் போய்விடுகிறது. டீசல் லிட்டர் 90 ரூபாய் எனக் கொண்டால், எண்ணெய்ச் செலவு மட்டுமே யூனிட்டுக்கு 30 ரூபாய். பத்து விசைத்தறிகள் ஒரு மணி நேரம் ஓட 8 யூனிட் செலவாகுமாயின், எண்ணெய்க்கு 240 ரூபாய் வேண்டும். பழுது, தேய்மானம், கடன் வட்டி ஆகியவை தனி.

பெரிய அளவிலும் இதே பாடந்தான். விரைவில் நிறுவிவிடலாம் என்ற காரணத்தால், 1990களில் எண்ணெய் நிலையங்களுக்கு நம் நாட்டில் ஊக்கம் அளிக்கப்பட்டது. சென்னை பேசின் பிரிட்ஜில் 200 மெகாவாட் நிலையமும், சமயநல்லூரிலும் சாமல்பட்டியிலும் தலா 106 மெகாவாட் அளவில் நிலையங்களும் தோன்றின. எனினும் அவற்றின் மின்சாரம் நிலக்கரி மின்சாரத்தினும் விலை மிகுந்தது. நம் நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே வாங்குகிறது. 1973ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிச் சில மாதங்களுக்குள் அதன் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. அண்டை நாடான இலங்கையில், எண்ணெய் வாங்க அந்நியச் செலாவணி இல்லாமையாலும் நீர்மின் உற்பத்தி குறைந்தமையாலும், 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது.

இதனால் எண்ணெய் மின்சாரமே வேண்டாம் என்று நான் கூறவில்லை. சில நிமிடங்களில் உயிர்பெறும் எஞ்சின் மருத்துவமனைக்கு இன்றியமையாதது. லட்சத்தீவுகளுக்கும் கப்பலில் வரும் டீசலே நெடுங்காலமாகப் பெருந்துணை. ஆனால் காவற்காரனைக் காவலுக்கு வைத்துக்கொள்ளலாம்; குடும்பப் பாரம் முழுவதையும் அவன்மேல் ஏற்றலாகாது.

ஆகவே, கடன் மனு எழுதுமுன் மூன்று மாதங்களுக்கு மின்வெட்டு நேரங்களை ஒரு பதிவேட்டில் குறித்து வாருங்கள். ஒரு மணி நேரம் தறி நின்றால் இழக்கும் கூலி எவ்வளவு, ஜெனரேட்டரை ஓட்டினால் ஆகும் செலவு எவ்வளவு என்று ஒப்பிடுங்கள். அறிவித்துச் செய்யும் மின்வெட்டாயின், வேலை நேரத்தை மாற்றியமைக்க இயலுமா என்று பாருங்கள். மின்சாரம் உள்ள போதே நீரைத் தொட்டியில் தேக்கி வைத்தல் உழவர்க்கு எண்ணெயினும் மலிவானது. கூடத்தின் கூரையில் சூரிய ஒளித் தகடுகள் அமைத்தல் எத்தனை ஆண்டுகளில் செலவை ஈடுகட்டும் என்பதையும் விசாரியுங்கள். இவையெல்லாம் ஆராய்ந்த பின்னும் எஞ்சின் தேவையென்று கணக்கே சொல்லுமாயின், தாராளமாக வாங்கலாம். முடிவு பொதுச் சபையுடையது. கணக்கும் பொதுச் சபையின் முன் வைக்கப்படட்டும்.