மாசியில் கம்போடியா போகலாம், ஆனால் நான்கே நாளில் வேண்டாம்



வரும் மாசியில் கம்போடியா போவதாக நம் வாட்ஸ்அப் குழுவில் பேச ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது. பதினோரு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். திட்டம் மட்டும் மூன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. குழுவில் துண்டு துண்டாகப் பதில் போட எனக்கு வராது. அதனால் என் கருத்தை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். நீளமான பதிவுதான். அந்தக் காலத்தில் கடைசி பெஞ்சில் தூங்கியவர்கள் இப்போதும் தூங்கலாம், டீச்சர் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

முதலில் தேதி. பிள்ளைகளுக்கு ஏப்ரல், மே மாதத்தில்தான் லீவு, அப்போது போகலாமே என்று நான்கு பேர் கேட்டீர்கள். வேண்டாம். கம்போடியாவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழையில்லாத காலம். அதில் மார்ச் பாதிக்கு மேல் வெயில் ஏறி, ஏப்ரலில் உச்சத்துக்குப் போய்விடும். நம் ஊர் சித்திரை வெயிலில் கல்மண்டபத்தில் செருப்பில்லாமல் நடந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மேலும் அவர்களுடைய புத்தாண்டும் நம்முடையதைப் போலவே ஏப்ரல் நடுவில்தான் வருகிறது. மூன்று நாள் கொண்டாட்டம். ஊர் முழுக்க சொந்த ஊருக்குப் போகும், பஸ்ஸில் இடம் கிடைக்காது, கடைகள் பல மூடியிருக்கும். குளிர்நாட்டுக்காரர்கள் வசந்தத்தின் தொடக்கம் என்று சொல்கிற பிப்ரவரி கடைசியும் மார்ச் முதல் வாரமும்தான் நமக்குத் தோதானது. பள்ளிக்கு ஒரு வாரம் லீவு போட்டால் ஒன்றும் குடிமுழுகாது. வகுப்பில் நின்று பாடம் நடத்தியவள் சொல்கிறேன், அந்த ஒரு வாரத்தில் அங்கே கற்றுக்கொள்வது அதிகம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்கள் தேர்வு எழுதட்டும்.

மார்ச் 21 வாக்கில் அங்கோர் வாட்டின் நடுக்கோபுரத்து உச்சியில் சூரியன் உதிப்பதுபோலத் தெரியும், அப்போதே போகலாம் என்று ஒருவர் படம் போட்டிருந்தீர்கள். உண்மைதான். கோயில் மேற்கு பார்த்தது, அதனால் வாசலில் நின்று பார்த்தால் உதயம் கோபுரத்துக்குப் பின்னால் தெரியும். ஆனால் அந்த நாள்களில் குளக்கரையில் நிற்கக்கூட இடம் இருக்காது. ஒரு போட்டோவுக்காக மூன்று வாரம் கூடுதல் வெயிலை ஏற்றுக்கொள்ள வேண்டுமா? சூரியன் கொஞ்சம் தள்ளி உதித்தாலும் எனக்குப் போதும்.

அடுத்தது டூர் கம்பெனி அனுப்பிய திட்டம். ஏழு நாளில் பாங்காக், வியட்நாம், கம்போடியா. கம்போடியாவுக்கு ஒன்றரை நாள். காலையில் அங்கோர் வாட், மதியம் பாயோன், சாயங்காலம் தா ப்ரோம், முடிந்தது. இதைப் படித்ததும் எனக்குக் கோபமே வந்தது. அங்கோர் வாட்டின் அகழி மட்டுமே 190 மீட்டர் அகலம். சுற்றி நடந்தால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல். உள்ளே சுற்றுமண்டபச் சுவர் முழுவதும் புடைப்புச் சிற்பம். மேற்குச் சுவரில் ஒரு பக்கம் குருக்ஷேத்திரம், அதில் அம்புப்படுக்கையில் பீஷ்மர். இன்னொரு பக்கம் இலங்கைப் போர், அனுமன் தோளில் ராமர். தெற்கில் அரசனின் ஊர்வலம், அதை அடுத்து சொர்க்கமும் 32 நரகங்களும். கிழக்கில் பாற்கடல் கடையும் காட்சி ஏறக்குறைய 50 மீட்டர் நீளம். வாசுகியை ஒரு பக்கம் 92 அசுரர்களும் மறுபக்கம் 88 தேவர்களும் பிடித்து இழுக்கிறார்கள், நடுவில் விஷ்ணு. இந்த ஒரு மண்டபத்துக்கே ஒரு காலைப்பொழுது வேண்டும். கதை தெரிந்த நாமே நின்று பார்க்காவிட்டால் யார் பார்ப்பது? நம் கோயிலில் வலம் வருவதுபோல் போகாதீர்கள். இங்கே இடப்பக்கமாகச் சுற்றினால்தான் கதை வரிசையாக வரும்.

நுழைவுச்சீட்டின் விலையே பதில் சொல்லிவிடுகிறது. ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் சீட்டைப் பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம், தொடர்ந்து போக வேண்டியதில்லை. எங்களைப்போல முழங்கால் தகராறு உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஒரு நாள் கோயில், ஒரு நாள் ஓய்வு. அதிகாலை ஐந்து மணிக்குப் போய்ப் பத்தரைக்குத் திரும்பிவிட வேண்டும். சாப்பிட்டுத் தூங்கி, மூன்றரைக்கு மேல் மறுபடியும் கிளம்பலாம். இதுதான் என் கணக்கு.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். "அங்கோர் வாட்டைக் கட்டியவன் தமிழ் மன்னன் சூரியவர்மன், ஒவ்வொரு தமிழனும் பகிரவும்" என்று ஒரு செய்தி நம் குழுவில் மூன்று முறை வந்துவிட்டது. போட்டவர்களில் இருவர் என்னிடம் சமூக அறிவியல் படித்தவர்கள். கண்ணுகளா, அதைக் கட்டியவர்கள் கெமர் மக்கள். கட்டத் தொடங்கியவன் இரண்டாம் சூரியவர்மன் என்ற கெமர் அரசன், 12-ஆம் நூற்றாண்டின் முற்பாதி. வர்மன் என்று பெயர் முடிந்தால் பல்லவன் ஆகிவிடுவானா? அங்கோர் கோயில் கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் பழைய கெமர் மொழியிலும் இருக்கின்றன.

நமக்கும் அவர்களுக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. உண்மையான தொடர்பு நிறையவே இருக்கிறது, அதுவே பெருமைக்குப் போதும். கெமர் எழுத்து தென்னிந்தியப் பல்லவ எழுத்திலிருந்து வளர்ந்தது. கம்போஜ அரசன் ராஜேந்திர சோழனுக்கு நட்பு நாடித் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. கம்போஜ அரசன் கொடுத்த ஒரு கல்லைச் சிதம்பரம் கோயிலில் வைத்ததாக முதலாம் குலோத்துங்கன் காலக் கல்வெட்டு இருக்கிறது. தேரும் கல்லும் அனுப்பியவர்கள் சமமான நண்பர்கள். அவர்கள் வீட்டுக்கு விருந்தாளியாகப் போய், இந்த வீட்டைக் கட்டியதே எங்கள் தாத்தாதான் என்று சொன்னால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? வழிகாட்டியாக வரும் பையனிடம் இதைப் பேசி என் மானத்தை வாங்காதீர்கள்.

தமிழோடு தொடர்புள்ள ஒன்றை உங்கள் கண்ணாலேயே பார்க்க வேண்டுமா? பந்தியாய் ஸ்ரீ கோயிலுக்கு வாருங்கள். டூர் கம்பெனி திட்டத்தில் இந்தப் பெயரே இல்லை, தூரம் என்று விட்டுவிட்டார்கள். 967-இல் எழுப்பிய சிவன் கோயில். சிவப்புக் கல், சின்ன உருவம், மரத்தில் செதுக்கியதுபோல் நுணுக்கமான வேலை. இதைக் கட்டியவர் அரசர் அல்லர், யக்ஞவராகர் என்ற பண்டிதர். பின்னாளில் அரசனான ஐந்தாம் ஜெயவர்மனுக்குக் குருவாக இருந்தவர். ஒரு வாத்தியார் கட்டிய கோயில் என்று நான் அதற்கு மனசுக்குள் பெயர் வைத்துவிட்டேன்! உள்சுற்றுக் கோபுர முகப்பு ஒன்றில் சிவன் ஆடுகிறார். கீழே எலும்பும் தோலுமாக, வற்றிய மார்போடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். காரைக்கால் அம்மையார் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். நம் காரைக்காலில் பிறந்தவள் அங்கே எப்படிப் போனாள் என்று யோசித்துக்கொண்டே அந்த வாசலில் அரை மணி நேரம் உட்கார வேண்டும் என்பது என் ஆசை. போகும் வழியில் பனைமரமும், சாலையோரம் கொப்பரையில் காய்ச்சும் பனைவெல்லமும் பார்க்கலாம். பனைதான் அவர்களுக்கும் தேசிய மரம்.

சரி, குழுவில் உண்மையான சண்டைக்கு வருகிறேன். நான் போட்ட திட்டத்தில் நாம்பென் நகரத்துக்கு இரண்டு நாள் வைத்து, அதில் ஒரு காலை துவோல் ஸ்லெங் என்று எழுதியிருந்தேன். என் அக்கா மகன் அதை அடித்துவிட்டு ஷாப்பிங் என்று மாற்றினான். போனில் கேட்டால், "சித்தி, காசு செலவு பண்ணி சந்தோஷமா இருக்கப் போறோம், அங்க போய் ஜெயிலும் மண்டை ஓடும் எதுக்கு?" என்கிறான். அவன் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. காரணம் இதுதான்.

துவோல் ஸ்லெங் முதலில் ஜெயில் இல்லை. அது ஒரு உயர்நிலைப் பள்ளி. 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் படை நாம்பென்னைப் பிடித்தது. சில நாள்களிலேயே நகரத்து மக்கள் அத்தனை பேரையும் கிராமங்களுக்கு விரட்டியது. பணம் ஒழிந்தது, சந்தை ஒழிந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. படித்தவர்கள் என்றாலே சந்தேகம். ஆசிரியர்கள் தேடித் தேடி அழிக்கப்பட்டார்கள். அந்தப் பள்ளிக்கட்டிடம் எஸ்-21 என்ற சித்திரவதைக் கூடமானது. வகுப்பறைகளுக்குள் செங்கல் வைத்து ஆள் படுக்கும் அளவுக்கு அறை அறையாகத் தடுத்தார்கள். பிள்ளைகள் உடற்பயிற்சி செய்த கம்பத்தில் மனிதர்களைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். குறைந்தது 14,000 பேர் அங்கே அடைக்கப்பட்டதாகக் கணக்கு. உயிரோடு மீண்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1979 ஜனவரியில் அந்த ஆட்சி விழுவதற்குள் நாட்டில் ஐந்தில் ஒருவராவது செத்திருந்தார்கள்.

அந்தக் கூடத்துக்குத் தலைவனாக இருந்த டூக் யார் தெரியுமா? கணக்கு வாத்தியார். போல் பாட்டும் தனியார் பள்ளியில் பாடம் நடத்தியவன்தான். டூக்குக்கு 2010-இல்தான் தீர்ப்பு வந்தது, 2012-இல் அது ஆயுள் தண்டனை ஆனது, 2020-இல் செத்தான். கரும்பலகைக்கு முன்னால் நின்ற ஒருவனால் அதே வகுப்பறையில் இதைச் செய்ய முடிந்தது என்பதை நான் புத்தகத்தில் படித்து இருபது வருடம் ஆகிறது. இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. சுண்ணாம்புக்கட்டி பிடித்த கையோடு வாழ்ந்தவள் நான். அந்த ஊர் வரைக்கும் போய், அந்த வகுப்பறை வாசலில் ஒரு நிமிடம் நிற்காமல் சில்க் துணி வாங்கிக்கொண்டு திரும்ப என்னால் முடியாது. தவிர, அங்கோரில் நமக்கு வழி காட்டும் ஐம்பது, அறுபது வயதுக்காரர் ஒவ்வொருவர் வீட்டிலும் அந்த நான்கு வருடம் இருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கல்லை மட்டும் பார்த்துவிட்டு அவர்களைப் பார்க்காமல் வருவது எந்த ஊர் மரியாதை?

பிள்ளைகள் விஷயத்தில் அக்கா மகனோடு ஒத்துப்போகிறேன். பதினான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களை அழைத்துப்போகக் கூடாது. அங்கே கைதிகளின் படங்கள் சுவர் சுவராக இருக்கின்றன, அதில் குழந்தைகளும் உண்டு. அன்று காலை யாராவது இருவர் பிள்ளைகளோடு தேசிய அருங்காட்சியகத்துக்குப் போகட்டும். 683-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று அங்கே இருக்கிறது. சக ஆண்டு 605 என்று எழுதும்போது நடுவில் பூஜ்யத்துக்கு ஒரு புள்ளி வைத்திருக்கிறார்கள். உலகத்தில் கிடைத்திருக்கும் மிகப் பழைய பூஜ்யங்களில் ஒன்று. கணக்கில் பூஜ்யம் வாங்கியவர்கள் கட்டாயம் தரிசிக்க வேண்டும். மற்றவர்கள் என்னோடு வாருங்கள். வர மனசில்லாதவர்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனால் திட்டத்திலிருந்து அதை அடிக்காதீர்கள்.

ஆக என் திட்டம் எட்டு நாள், ஒரே நாடு. சியாம் ரீப்பில் ஐந்து நாள், நாம்பென்னில் இரண்டு நாள், நடுவில் பஸ் பயணம் ஒரு நாள் (315 கிலோமீட்டர், ஆறு மணி நேரம்). சியாம் ரீப் நாள்களில் ஒரு மதியம் தோன்லே சாப் ஏரிக்கரைக் கிராமத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன். மழைக்காலத்தில் மீகாங் ஆற்று வெள்ளம் எதிர்த்திசையில் திரும்பி அந்த ஏரிக்குள் பாயும். ஏரி நான்கைந்து மடங்கு பெருத்துவிடும். மாசியில் தண்ணீர் வற்றியிருக்கும், அதனால் படகுச்சவாரி சுமார்தான். ஆனால் வீடுகள் நிற்கும் கால்கள் முழுதாகத் தெரியும், இரண்டு மாடி உயரத்துக்கு.

மற்றவை சுருக்கமாக. 2025-இல் தாய்லாந்து எல்லையில் சண்டை நடந்ததால் பாங்காக்கிலிருந்து சாலைவழி என்ற பேச்சே வேண்டாம், விமானம்தான். டிக்கெட் போடும் முன் வெளியுறவுத் துறை அறிவிப்பைப் பார்த்துவிட வேண்டும். சியாம் ரீப்பின் புதிய விமான நிலையம் ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல், வண்டிக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும். விசாவை அவர்கள் அரசு இணையதளத்திலேயே எடுக்கலாம், புரோக்கர் தேவையில்லை. டாலர் நோட்டு கிழியாமல், மடங்காமல் இருக்க வேண்டும். ஓரம் கிழிந்ததை வாங்க மாட்டார்கள். சைவக்காரர்கள் கவனம், காய்கறிக் குழம்பிலும் மீன் விழுது சேர்ப்பது அங்கே வழக்கம், கேட்டுச் சாப்பிடுங்கள். அங்கோர் வாட் மேல்தளத்துக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், படி செங்குத்து. பௌத்த விரத நாள்களில் மேல்தளம் மூடியிருக்கும். நம் தினசரி காலண்டரில் அமாவாசை, பௌர்ணமி, அஷ்டமி பார்த்துக்கொண்டால் போதும், தேதி போடும்போது நானே பார்த்துவிடுகிறேன்.

வருகிறவர்கள் கார்த்திகைக்குள் பாஸ்போர்ட் முதல் பக்கத்தை எனக்குத் தனியாக அனுப்புங்கள், குழுவில் போடாதீர்கள். அறுபது தாண்டியவர்கள் மருத்துவக் காப்பீடு எடுத்துவிட்டுச் சொல்லுங்கள். அக்கா மகனே, உன் பதிலையும் இங்கேயே எழுது, எல்லாரும் படிக்கட்டும்.